முதலில் பெயர், ஸ்கேனர் அப்புறம்

குடும்ப வரலாற்றைப் பாதுகாக்கலாம் என்று சொந்தக்காரர்கள் நாலு பேர் கிளம்பினால் முதல் வேலையாக ஒரு வாட்ஸ்அப் குழு உருவாகும், அடுத்த வேலையாக எந்த ஸ்கேனர் வாங்கலாம் என்ற விவாதம் தொடங்கும். அது லேசில் முடியாது. அதற்குள், பழைய படத்தில் நிற்கிற அத்தனை பேரையும் அடையாளம் காட்டக்கூடிய ஒரே பெரியம்மாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்திருக்கும். இதை எங்கள் சொந்தத்திலும் பார்த்தேன், இதே வேலையில் இறங்கிய வேறு குடும்பத்துக்காரர்கள் சொல்லியும் கேட்டேன். அதனால் யார் வந்து யோசனை கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: எது முதலில் அழியும் என்று பாருங்கள், அந்த வரிசையில் வேலையை எடுங்கள். அலமாரியில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஈரம் படாமல் இருந்தால் இன்னும் பல வருடம் தாங்கும். அதில் இருப்பவர் யார் என்கிற விவரம் தாங்காது.

ஆகவே முதலில் பெரியவர்கள். அவர்கள் முன் கேள்வித்தாளை நீட்டாதீர்கள். "உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் "என்னத்தைச் சொல்ல, எல்லாரையும் போலத்தான்" என்று முடித்துவிடுவார்கள். ஒரு படத்தைக் கையில் கொடுத்து, "இவர் ஏன் தள்ளி நிற்கிறார்?" என்று கேட்டால் மத்தியானம் முழுக்கப் பேசுவார்கள். வளர்ந்த வீட்டின் வரைபடத்தைக் காகிதத்தில் போடச் சொல்வதும் நல்ல வழி, எந்த அறையில் யார் படுத்தார்கள், யார் யாரோடு பேசவில்லை என்பதெல்லாம் தானாக வரும். போனிலேயே பதிவு செய்தால் போதும், தொலைக்காட்சியை மட்டும் அணைத்துவிடுங்கள். பேசி முடித்த அன்றைக்கே கோப்புக்குப் பெயரும் தேதியும் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் பிற்பாடு எது எவர் குரல் என்று தேட வேண்டியிருக்கும். இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் சண்டை வரும். வரட்டும். அத்தை ஒன்று சொல்கிறார், சித்தப்பா வேறு சொல்கிறார் என்றால் இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்பதையும் எழுதிவிடுங்கள். தீர்ப்பு சொல்வது நம் வேலை இல்லை.

படத்தின் பின்பக்கம் எழுதுவதற்கு மென்மையான பென்சில்தான். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மையும் சில சமயம் ஊறிப் பரவும். பிந்தைய வருடங்களின் வண்ணப் படங்கள் பிளாஸ்டிக் பூச்சு உள்ள தாளில் அச்சானவை, அதில் பென்சில் பிடிக்காது, உறையின் மேல் எழுதிவிட்டுப் பிறகு படத்தை உள்ளே வையுங்கள். இன்னொன்று, "பெரியப்பா, பெரியம்மா, குழந்தைகள்" என்று எழுதி வைக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. யாருக்குப் பெரியப்பா? எழுதியவர் போன பிறகு அந்தக் குறிப்பால் பிரயோசனமே இல்லை. முழுப் பெயர், யாருடைய மகன் அல்லது மகள், தோராயமாக எந்த வருடம், இவ்வளவு போதும்.

அடுத்தது ஒலி நாடாவும் வீடியோ நாடாவும். படங்களைவிட இவை அவசரம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. நாடாவும் கெடுகிறது, அதை ஓட்டும் கருவியும் இல்லாமல் போகிறது. விஹெச்எஸ் என்கிற வீடியோ நாடாக்களை ஓட்டும் கருவியைக் கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016இல் நிறுத்திவிட்டது. இப்போது ஓடுபவை எல்லாம் பழைய கருவிகள், பழுதானால் உதிரி பாகம் கிடைப்பது கஷ்டம். பூஞ்சை பிடித்த நாடாவை ஆர்வத்தில் போட்டுப் பார்க்காதீர்கள், நாடாவும் போகும், கருவியும் கெடும். அதை மட்டும் விவரம் தெரிந்தவர்களிடம் கொடுப்பது நல்லது.

இதற்கெல்லாம் அப்புறம்தான் ஸ்கேனர். சாதாரண நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐயில், அதாவது ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில் எடுத்தால் 2400க்கு 3600 பிக்சல் வரும், பெரிதாக்கி அச்சடிக்கவும் அது போதும். தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பாக வைத்தால் ஒரு படம் கிட்டத்தட்ட 26 எம்பி பிடிக்கும். பிடிக்கட்டும், அதுதான் மூலப்படி. பகிர்வதற்கு ஜேபெக் நகல் எடுத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருங்கிவிடும், படத்துக்குள் பதித்த பெயர், தேதிக் குறிப்புகளும் கழன்றுவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். குழுவில் வந்த படத்தைச் சேமித்துவிட்டு "எங்களிடம் எல்லாம் இருக்கிறது" என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இதை ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

லாமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். சூடும் பசையும் சேர்ந்து தாளோடு ஒட்டிக்கொண்டால் திரும்பப் பிரிக்க வழியில்லை. பசை தடவிய பக்கங்களின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடும் பழைய ஆல்பங்களும் அப்படித்தான், பசை மஞ்சளாகிப் படத்தையும் கறையாக்கும். பிய்த்து எடுக்காமல், பல் இடுக்கில் விடும் ஃபிளாஸ் நூலைப் படத்துக்கு அடியில் மெல்ல நுழைத்து அறுத்து எடுக்கலாம். அதற்கும் வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிட்டு விட்டுவிடுங்கள்.

வம்சாவளி மரத்துக்கு வருகிறேன். எந்தச் செயலியில் போட்டாலும் ஜெட்காம் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். 1984இல் மார்மன் திருச்சபை தன் வம்சாவளி ஆய்வுக்காக உருவாக்கிய வடிவம் அது, வெறும் எழுத்துக் கோப்பு, இன்றைக்கும் பெரும்பாலான செயலிகள் ஏற்கும். ஆனால் பழைய ஜெட்காமில் படங்கள் கூடவே வராது, அவை எங்கே இருக்கின்றன என்ற முகவரி மட்டும்தான் வரும். படங்களையும் சேர்த்துக் கட்டுகிற வசதி 2021இல் வந்த 7.0 பதிப்பில்தான் முறையாக வந்தது. உங்கள் செயலி அந்தப் பதிப்பை ஏற்கும்வரை படங்களைத் தனியாகவும் வைத்திருங்கள்.

இந்த வேலையில் சுலபமாகத் தாண்டிப்போக முடியாத இடம் ஒன்று இருக்கிறது. தேடத் தேட எல்லாம் வெளியே வரும், தத்து, முதல் திருமணம், கடன், யாரும் பேசாத ஒரு மரணம். எல்லாவற்றையும் மரத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று சொல்கிற உறவினரும் உண்டு, எதையும் எழுதக் கூடாது என்பவரும் உண்டு. என் கருத்து, எழுதுங்கள், ஆனால் பூட்டி வையுங்கள். அரசாங்கங்களே அப்படித்தான் செய்கின்றன. அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனிநபர் விவரங்கள் 72 வருடம் மூடியிருக்கும், 1950ஆம் ஆண்டின் ஏடுகள் 2022இல்தான் திறந்தன. பிரிட்டனில் 100 வருடம். ஒரு குடும்பமும் தனக்கென்று ஒரு காலத்தை வைத்துக்கொள்ளலாம். உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதியைப் பொதுவெளியில் போடாமல் இருப்பது குறைந்தபட்ச மரியாதை.

டிஎன்ஏ சோதனை விஷயத்தில் நான் இன்னும் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஒருவர் எச்சிலைக் கொடுத்தால் அவரோடு முடிவதில்லை, கூடப் பிறந்தவர்கள், சித்தப்பா பிள்ளைகள் எல்லோரையும் பற்றிய தகவல் அதில் இருக்கிறது. 2023இல் 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்தில் திருடர்கள் நேரடியாக உடைத்து நுழைந்தவை சுமார் 14,000 கணக்குகள்தான், உறவினரைக் காட்டும் வசதி வழியாக வெளியே போனது ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரம். அந்த நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. ஆர்வத்தில் சோதனைக் குப்பியை வாங்கும் தம்பி தங்கைகள் அதற்கு முன் குழுவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, இதைச் செய்கிற ஆட்களைப் பற்றி. யாருக்கும் சம்பளம் இல்லை, எல்லோருக்கும் வேறு பிழைப்பு இருக்கிறது, ஆரம்பத்தில் பத்துப் பேர் கை தூக்குவார்கள், பிறகு இரண்டு பேர் மிஞ்சுவார்கள். அதில் தவறில்லை. ஆனால் எல்லாம் ஒரே ஆளின் கணக்கில் இருந்தால் ஆபத்து, கூகுள் இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியிருக்கிறது. அந்த ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் சேர்த்ததெல்லாம் அவரோடு போகும். கூகுளிலேயே செயலற்ற கணக்கு மேலாளர் என்று ஒரு வசதி இருக்கிறது, அதில் இன்னொருவர் பெயரைப் போட்டுவிடுங்கள். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில் என்பது புகைப்படக்காரர்கள் பின்பற்றும் வழக்கம், அதையும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், எந்த உறையில் எது இருக்கிறது, கோப்புகளுக்கு எப்படிப் பெயர் வைத்திருக்கிறோம் என்று ஒரு பக்கம் எழுதி, இந்த வேலையில் துளியும் ஆர்வமில்லாத ஒரு மருமகனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நம் உதவி இல்லாமல் ஒரு படத்தை அவனால் தேடி எடுக்க முடியவில்லை என்றால் அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுத வேண்டும்.