ஃபராமிருக்கு நேர்ந்த மாற்றம்

பீட்டர் ஜாக்சன் இயக்கிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களில், நாவலில் வரும் டாம் பாம்படில் என்ற பாத்திரம் இடம்பெறாததைக்கூட மூல நாவலை எழுதிய டோல்கீனின் வாசகர்கள் பலர் பொறுத்துக்கொண்டார்கள். 2002இல் வெளியான இரண்டாம் படத்தில் ஃபராமிர் என்ற படைத்தலைவனின் இயல்பு மாற்றப்பட்டதைத்தான் அவர்களால் ஏற்க முடியவில்லை. நாவலில், வழியில் கிடந்தாலும் அந்த மாய மோதிரத்தை எடுக்க மாட்டேன் என்று சொல்லி, அதை அழிப்பதற்காகச் சுமந்து செல்லும் கதைநாயகன் ஃப்ரோடோவைப் போகவிடும் அந்த வீரன், படத்தில் அவனைக் கைதியாக ஓஸ்கிலியாத் என்ற பாழடைந்த நகரம் வரை இழுத்துச் செல்கிறான். எவரையும் மயக்கும் மோதிரத்தை ஒருவன் எளிதாக மறுத்துவிட்டால் அதன் அச்சுறுத்தல் திரையில் குன்றிவிடும் என்ற திரைக்கதையாசிரியர்களின் விளக்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும், நீட்டிக்கப்பட்ட பதிப்பில் தந்தையின் புறக்கணிப்பைக் காட்டும் காட்சியைப் பார்த்த பின்னரே அந்தத் திரை ஃபராமிரிடம் எனக்குப் பரிவு பிறந்தது. அதைத் திரையரங்குப் பதிப்பிலேயே வைத்திருந்தால் வாசகர்களின் கோபம் பாதியாவது தணிந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.