இந்த வருஷத்துப் பன்னிரண்டு படங்கள்

டிசம்பர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்து பேர் காரைக்குடியில் ஒரு நண்பர் வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றியுள்ள உள்கூடத்தில், பாய் விரித்து உட்காருவோம். ஆளுக்குப் பன்னிரண்டு புகைப்படம். அந்த வருஷம் அவரவர் எடுத்ததில் அவரவருக்கே மிகவும் பிடித்தவை. எல்லாமே 8×12 அங்குல பிரிண்ட். போனில் காட்டக் கூடாது; படத்தைப் பற்றி எடுத்தவர் முதலில் வாய் திறக்கக் கூடாது. கட்டுப்பாடு இந்த இரண்டுதான். நான் தேவகோட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். மற்றவர்களில் ஒருவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், ஒருவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார், இரண்டு பேர் கல்லூரி மாணவர்கள். யாருக்கும் இது தொழில் இல்லை.

பன்னிரண்டைப் பொறுக்குவதற்கு எனக்கு மூன்று வாரம் ஆகும். இந்த வருஷம் ஹார்ட் டிஸ்கில் 3,800 படங்களுக்கு மேல் கிடந்தன. முதல் சுற்றில் கைவைப்பது எப்போதும் ஒரே இடத்தில்தான்: வீட்டு வாசலில் நின்று எடுத்த கதவு வரிசைப் படங்கள். செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு வாசலில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று கதவுக்குள் கதவாகப் பின்தெரு வெளிச்சம் வரை ஒரே கோட்டில் தெரியும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் எடுப்பதும் அதைத்தான். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நானும் ஒவ்வொரு வருஷமும் எடுக்கிறேன். இந்த வருஷம் பதினான்கு. பதினான்கையும் அழித்தேன். அந்த அழகு வீட்டைக் கட்டிய கொத்தனாருடையது, என்னுடையது இல்லை.

அடுத்துப் போனவை நானே நிறத்தைக் கூட்டிக் கெடுத்தவை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர் பால் மாதிரி இருக்கும். கையால் தடவினால் சில்லென்று வழுக்கும். கம்ப்யூட்டரில் நிறச் செறிவைக் கொஞ்சம் ஏற்றினாலும் அது மஞ்சள் பூசின மாதிரி ஆகிவிடுகிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையாக இருந்தால் இன்னும் சிக்கல். வெயில் தரையில் பட்டு, அந்தச் சிவப்பு எதிரொளித்துச் சுவரில் ஏறும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். வெள்ளைச் சமநிலையை, அதாவது எது வெள்ளை என்ற கணக்கை, கேமராவின் விருப்பத்துக்கு விடாமல், ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி நாமே வைத்துவிடுவது நல்லது. இதை நான் கற்றுக்கொள்ள இரண்டு வருஷம் ஆனது.

வளவு வெளிச்சத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். நடுவில் முற்றம், அதில் வானம் கொட்டும். சுற்றிலும் பர்மாத் தேக்குத் தூண்கள், அவற்றுக்குப் பின்னால் இருட்டு. உச்சிப் பொழுதில் எடுத்தால் முற்றம் வெள்ளைத் துணியாக வெளுத்துப்போகும், தூணுக்குப் பின்னால் கரி. காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை வெயில் முற்றத்துக்குள் நேராக இறங்காமல் எதிர்ச்சுவரில் மேலாகப் படும். அங்கிருந்து திரும்பி வருகிற வெளிச்சம்தான் மனித முகத்துக்கு ஏற்றது. என்னுடையது தம்பி கொடுத்த பழைய நிக்கான் டி3200. அதில் 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் போட்டு, கேமரா எதையும் சுருக்காமல் தருகிற ரா (RAW) கோப்பாக, வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்து எடுப்பேன். வெளுத்த இடத்தை மீட்க முடியாது. இருண்ட இடத்தைப் பிறகு கொஞ்சம் தூக்கலாம். ‘முற்றத்தைக் காப்பாற்று, தூண் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும்’ என்று ரயில்வே ஐயா சொல்வார்.

சரி, நின்றவை எவை? ஒன்று ஆத்தங்குடியில் எடுத்தது. அங்கே கல் போடுகிற பட்டறையில் ஒரு முழு நாள் இருந்தேன். கண்ணாடித் துண்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் பூ நிற்கிறது. அதன் மேல் மணலும் சிமெண்டும். பிறகு காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவிட்டு எடுக்கிறார்கள். பாலிஷ் எதுவும் கிடையாது. கல்லின் பளபளப்பு முழுவதும் அந்தக் கண்ணாடி கொடுத்தது. எல்லோரும் குழம்பு ஊற்றும் கையைத்தான் எடுப்பார்கள், நானும் நூறு எடுத்தேன். எனக்குப் பிடித்தது கண்ணாடி கல்லைவிட்டுப் பிரிகிற நொடி: கீழே பூ, மேலே கண்ணாடியில் அந்த அண்ணனின் முகம் பாதி. நாற்பது தடவை தவறவிட்டுக் கிடைத்தது. ஆனால் நாற்பது தடவை தவறவிட்டேன் என்பதற்காகப் பிடித்ததா, படத்துக்காகவே பிடித்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அதற்குத்தான் பேசாமல் பிரிண்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது. மருந்துக்கடைக்காரர் அதை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டபோதுதான் நிம்மதியானேன்.

நாட்டரசன்கோட்டை கண்ணாத்தாள் கோயில் செவ்வாய்ப் பொங்கலில் எடுத்த புகைப் படம் ஒன்றும் நின்றது. தைப் பொங்கலுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, வரிசை வரிசையாகப் பானைகள், எதிர்வெயில், புகைக்கு நடுவில் ஒரு பிள்ளை கண்ணைக் கசக்குகிறது. கொஞ்சம் கலங்கலான படம்தான், ஆனாலும் இருக்கட்டும் என்று வைத்தேன்.

மற்றவர்கள் கொண்டுவந்ததில் ஒன்று இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. மருந்துக்கடைக்காரர் பறவைக்காரர். வேட்டங்குடி சரணாலயத்துக்கு வருஷம் முழுக்கப் போவார். நத்தைக்குத்தி நாரை, அரிவாள்மூக்கன் என்று இறகு இறகாகத் தெரிகிற படங்கள் அவரிடம் ஆயிரக்கணக்கில் உண்டு. அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இந்தத் தீபாவளிக்கு அவர் அங்கே போயிருக்கிறார். புதுச்சட்டையோடு இரண்டு பையன்கள் கண்மாய்க் கரையில் சும்மா நிற்கிறார்கள். பின்னால் மரங்களில் பறவைகள் வெறும் வெள்ளைப் புள்ளிகள். பெரிய லென்ஸை வண்டியிலேயே வைத்துவிட்டு எடுத்தாராம். அவர் எடுத்ததிலேயே அதுதான் நல்ல பறவைப் படம் என்று நான் நினைக்கிறேன்.

இனி, நான் சேர்ப்பதாகவே இல்லாத பன்னிரண்டாவது படம்.

பள்ளத்தூரில் ஒரு வீடு. சொந்தக்காரர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம், எண்பதாம் கல்யாணம்), முன்னோருக்குப் படைப்பு என்றால் வருவார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்வது ஒரு அக்கா. அவர் கதவைத் திறந்துவிட்டால்தான் எனக்குப் படம். ஜூன் மாதத்தில் ஒருநாள் முற்றத்தில் பழைய சேலையை விரித்து மோர்மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். குனிந்த முதுகு, பச்சை மிளகாய், இடுப்பில் கொத்துச் சாவி, சுவரிலிருந்து வருகிற அந்தக் காலை வெளிச்சம். எடுக்கும்போதே தெரிந்துவிட்டது, இந்த வருஷத்தின் படம் இதுதான் என்று.

கிளம்பும்போது, “டீச்சர், என்னைய நேரா ஒண்ணு எடுங்க” என்றார். உள்ளே போய் முகம் கழுவி, சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) ஒரு பழைய நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். அவர் கேட்டதற்காக ஒன்றே ஒன்று எடுத்தேன். விறைப்பாக நிற்கிறார், சிரிப்பில்லை. மேல் மூலையில் சுவரில் மாட்டியிருந்த ஒரு படம் பாதி வெட்டுப்பட்டு வந்திருந்தது. வீட்டுக்கு வந்து அதற்கு ஒரு நட்சத்திரம்கூடப் போடவில்லை.

யாரைப் படம் எடுத்தாலும் பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுப்பது என் வழக்கம். நவம்பரில் அக்காவுக்கு ஐந்து பிரிண்ட் கொண்டுபோனேன். மிளகாய்ப் படத்தை முதலில் நீட்டினேன். பார்த்துவிட்டு, “மொளகா நல்லா வந்திருக்கு” என்றார். அப்புறம் அந்த நின்ற படத்தை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். “இதை நான் வச்சுக்கிறேன். மத்ததை நீங்க வச்சுக்கங்க.”

எனக்கு மனசு கொஞ்சம் சுருங்கியது என்பது உண்மை. இருந்தாலும் அவர் சொன்னதற்காக அதையும் பன்னிரண்டில் சேர்த்து, நாட்டரசன்கோட்டையில் எடுத்த இன்னொரு படத்தை எடுத்துவிட்டேன். பாயில் பரப்பியபோது மிளகாய்ப் படத்தை எல்லோரும் பாராட்டினார்கள். ரயில்வே ஐயா மட்டும் நின்ற படத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியைக் கழற்றி மாட்டி, “மேலே இருக்கிற ஆச்சி எப்படி நிக்கிறாங்க பாரும்மா” என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். பாதி வெட்டுப்பட்ட அந்தப் பழைய படத்தில் வீட்டு ஆச்சி ஒருவர் நாற்காலியின் சாய்மானத்தில் வலது கையை வைத்து நிற்கிறார். ஜப்பான்காரன் 1942-இல் பர்மாவைப் பிடிப்பதற்கு முன், ரங்கூன் ஸ்டூடியோ ஒன்றில் எடுத்ததாம். இடது கை முந்தானை நுனியைப் பிடித்திருக்கிறது. தாடை லேசாக உயர்ந்திருக்கிறது. கீழே அக்கா. அதே வலது கை, அதே முந்தானை நுனி, அதே தாடை. நான் முகத்தில் ஃபோகஸ் வைத்ததோடு சரி. கையைப் பார்க்கவே இல்லை.

போன வாரம் பள்ளத்தூர் போனபோது அக்காவிடம் கேட்டேன். துடைப்பத்தைக் கீழே வைக்காமலேயே சொன்னார்: “முப்பது வருஷமா அந்தப் படத்தைத் தொடச்சு வைக்கிறேன் டீச்சர். எப்படி நிக்கணும்னு எனக்குத் தெரியாதா?”

மானாமதுரையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பெரியதாக ஒன்று வேண்டுமாம். 12×18 போடலாம் என்றேன். மேலே இருக்கிற ஆச்சி பாதியாக இருக்கிறாரே, அதை வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். “ஆச்சி இருக்கட்டும்” என்றார். என் கேமராவின் 24 மெகாபிக்சலுக்கு, வெட்டாமல் கொடுத்தால் 12×18 தாராளமாகத் தாங்கும். மரச்சட்டம்தான் வேண்டும், பிளாஸ்டிக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் தேக்குச் சட்டம் தேடப் போகிறேன். உள்ளளவு பன்னிரண்டுக்குப் பதினெட்டு, கண்ணாடியோடு.