84 கிலோவும் 10 கிலோமீட்டரும்

ஜூலை 6, 2025, ஞாயிறு

டிசம்பரில் கன்னியாகுமரியில் நடக்கிற 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். வயது 39, எடை 84 கிலோ, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நடக்கத் தொடங்கினேன். நடை பிடித்துப்போய் இப்போது ஓட ஆசை வந்திருக்கிறது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பி.டி. சார் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன். "ஒரு நிமிசம் ஓடு, ரெண்டு நிமிசம் நட. ஓடும்போது பக்கத்துல வாறவகிட்ட பேச முடியணும் பிள்ளே. முடியலன்னா வேகம் கூடிப்போச்சுன்னு அர்த்தம்" என்றார்.

ஜூலை 19, சனி

81.5. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சார் மட்டும், "அதுல பாதி தண்ணி" என்றார். உடம்பு சேர்த்துவைக்கிற மாவுச்சத்தில் ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்குமாம். சோற்றைக் குறைத்ததும் முதலில் இறங்குவது அதுதான். கொழுப்பு கரைய நாளாகும்.

அவர் சொன்ன இன்னொரு கணக்கும் மனதில் நிற்கிறது. ஒரு கிலோமீட்டர் ஓடினால் நம் எடை எத்தனை கிலோவோ, ஏறக்குறைய அத்தனை கலோரி செலவாகும். மூன்று கிலோமீட்டர் ஓடினால் எனக்கு 245 பக்கம். ஒரு பழம்பொரியும் சர்க்கரை போட்ட சாயாவும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஓடினால் எடை குறையும் என்று சொல்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். மத்தியானம் மூன்று கரண்டி சோறு இப்போது ஒன்றரை ஆகியிருக்கிறது. சாளை மீன் கறி, கீரை, பயறு எல்லாம் கூடியிருக்கின்றன. சாளையை மட்டும் யார் சொன்னாலும் விடுவதாக இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தோவாளையில் அக்கா வீட்டில் இருக்கிறேன். காலையில் ஆரல்வாய்மொழிப் பக்கமாக ஓடினேன். ஆடிக் காற்று முதுகைத் தள்ள, போகும்போது கால் தரையில் நிற்கவில்லை. திரும்பியதும் அதே காற்று நெஞ்சில் கை வைத்து நிறுத்தியது. சேலை கட்டிக்கொண்டு பூக்கூடையோடு எதிரே வந்த ஒரு அம்மா, கூடை மேல் ஒரு கையை வைத்துக் குனிந்தே நடந்தார். நானும் அப்படியே குனிந்து, அடியைச் சின்னதாக்கி வந்து சேர்ந்தேன். இந்த மாதிரி நாளில் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, மூச்சைத்தான் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 5, வெள்ளி

திருவோணம். மைனி வீட்டில் இலை போட்டார்கள். அவியல், எரிசேரி, பருப்பு, நெய், கடைசியில் பால்பாயசத்தில் போளி. எல்லாம் சாப்பிட்டேன், நிறைவாகச் சாப்பிட்டேன். பண்டிகையை விட்டுக்கொடுத்து வருகிற மெலிவு எனக்கு வேண்டாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

76 கிலோ. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வலி இருந்ததால் இரண்டு வாரம் ஓட்டமில்லை, நடை மட்டும். மூச்சு சீக்கிரம் பழகிவிடும், எலும்பும் தசைநாரும் மெதுவாகத்தான் பழகும் என்று சார் சொல்லியிருந்தார். வலி போய்விட்டது. இனி தார் ரோட்டைக் குறைத்து சானல் கால்வாய்க் கரை மண்ணிலேயே ஓடப்போகிறேன்.

கரையில் விடியும் முன்பே துணி துவைக்க வந்துவிடுகிறார்கள். முதலில் எல்லோரும் ஏறிட்டுப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்று நான் வருவதைப் பார்த்து ஒரு அக்கா பாதையில் இருந்த வாளியை எடுத்துப் படியில் வைத்தார். சோப்புத் தண்ணீர் ஓடிய இடத்தில், "பாத்து, வழுக்கும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் மிச்சத் தூரம் லேசாகிவிட்டது.

நவம்பர் 16, ஞாயிறு

தேரூர் குளத்தங்கரைப் பக்கம் 8 கிலோமீட்டர், நடக்காமல். மழை விட்ட காலை, ஆனாலும் வேர்வை காயவே இல்லை. காற்றில் ஈரம் கூடினால் வேர்வை லேசில் ஆவியாகாது, உடம்பு சூடு சீக்கிரம் தணியாது. அதனால் இன்னும் மெதுவாக ஓடினேன். சுசீந்திரம் தேரூர் குளங்கள் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்தவை. வலசைப் பறவைகள் வரும் காலம் இது.

டிசம்பர் 14, ஞாயிறு

73 கிலோ. இருட்டோடு கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தோம். சபரிமலை சீசன், தெருவெல்லாம் கறுப்பு வேட்டி. கடலில் குளித்துவிட்டு வந்த சாமிமார் ஓரமாக நின்று கைதட்டினார்கள். ஒரு சின்னச் சாமி, ஏழெட்டு வயதிருக்கும், இருமுடியைத் தலையில் பிடித்தபடி என்னோடு கொஞ்ச தூரம் ஓடியே வந்தான்.

தொடக்கத்தில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். போகட்டும் என்று என் மூச்சோடு போனேன். கோவளம் ரோட்டில் திரும்பும்போது முன்னால் போனவர்கள் பலர் நடந்துகொண்டிருந்தார்கள். எட்டாவது கிலோமீட்டரில் தொடை கனத்தது. பக்கத்தில் ஓடிய பெண்ணிடம் ஊர் எது என்று கேட்டேன். கேட்க முடிந்தது! அவள் குளச்சல். கடைசி வரை பேசிக்கொண்டே வந்தோம்.

ஒரு மணி 21 நிமிடம். நாளைக்கு ஓய்வு. குளச்சல்காரியின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்தது 21 கிலோமீட்டர் என்று இருவரும் பேசியிருக்கிறோம்.