மதிலுக்கு வெளியே

மே 13, செவ்வாய்

நீஸ் நகரிலிருந்து பஸ்ஸில் சீக்கிரம் வந்துவிடலாம் என்றார்கள். கடற்கரைச் சாலை நெரிசலில் அது நடக்கவில்லை. ஒருவழியாக மதியத்துக்கு சான் போல் து வான்ஸ். தென் பிரான்ஸில் கடலை விட்டு உள்ளே ஏறும் குன்றுகளில் ஒன்றின் உச்சியில், சுற்றிலும் மதில் எழுப்பிய சின்ன ஊர். உள்ளே எல்லாமே நடைதான்.

வடக்கு வாசலில் ஒரு பழைய பீரங்கி வழியைப் பார்த்தபடி இருக்கிறது. 1544இல் செரிசோல் போரில் பிடித்து வந்தது என்கிறார்கள். 1388இல் நீஸ் சவோய் பிரபுக்கள் கைக்குப் போனதும் வார் ஆறு எல்லையாகிவிட்டது. அதற்கு இந்தப் பக்கம், புரோவான்ஸ் பகுதியில் இருந்த இந்தக் குன்று எல்லைக் காவலுக்கு வாய்த்தது. 1536இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை புரோவான்ஸுக்குள் புகுந்து போனபிறகு, பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சுவா 1540களில் இந்த மதிலைக் கட்டவைத்தார். ஆக, உள்ளே சந்துகள் இடைக்காலத்தவை, மதில் பீரங்கிக் காலத்தது. மூலைகளில் முன்னே துருத்தி நிற்கும் கொத்தளங்களைப் பார்த்தாலே தெரிகிறது.

உள்ளே போனால் கடைக்குக் கடை ஆர்ட் கேலரி. பெரும்பாலானவை எனக்குப் பிடிக்கவில்லை. பளபளவென்று பிசின் பூசிய கரடி, லாவெண்டர் வயல், மறுபடியும் லாவெண்டர் வயல். ஒரு சிற்பத்தின் விலைச்சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு இவள் கேட்டாள்: "ஏங்க, இதுல கமாவ நாமதான் தப்பா படிக்கிறோமா?" இல்லை, சரியாகத்தான் படித்தோம்.

காலடியில் இருந்ததுதான் பிடித்தது. தெரு முழுக்கக் கூழாங்கல். தட்டையாகப் பரப்பாமல், ஒவ்வொரு கல்லையும் நிமிர்த்தி, விளிம்பு மேலே தெரிகிற மாதிரி நெருக்கிச் செருகியிருக்கிறார்கள். நீளக் கற்களை வட்டமாக நிறுத்திப் பூ இதழ்கள். நடந்து நடந்து விளிம்புகள் மழுங்கி, வெயிலில் லேசாக மின்னுகின்றன. அழகுதான், ஆனால் மெல்லிய செருப்போடு வராதீர்கள்.

மே 14, புதன்

டூரிஸ்ட் பஸ்கள் வந்து சேருமுன் ஒரு சுற்று. பெரிய தெரு என்று பெயர் வைத்திருக்கும் ஒடுக்கமான தெருவின் நடுவில் 1850இல் கட்டிய நீரூற்று, பக்கத்திலேயே வளைவுக் கூரையின் கீழ் துணி துவைக்கும் தொட்டி. எல்லோரும் நீரூற்றைத்தான் படம் எடுக்கிறார்கள். எனக்குத் தொட்டி போதும்.

வெள்ளை அங்கிச் சகோதரர்களின் சிறு தேவாலயம் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் உட்புறத்தை பெல்ஜிய ஓவியர் ஃபொலோன் புதிதாக வடிவமைத்தார். 2005இல் அவர் இறந்துவிட, வேலை முடிந்து திறந்தது 2008இல். பின்சுவரில் இந்த ஊரையே மொசைக்கில் பதித்திருக்கிறார்கள். இளம் வண்ணங்கள், கொஞ்சம் இனிப்பு அதிகம். இவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, அதனால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அப்புறம் தெற்கு வாசல் வழியாக வெளியே இறங்கினால் கல்லறைத் தோட்டம். ஓவியர் ஷகால் இங்கேதான் இருக்கிறார். 1950இல் பக்கத்து ஊரான வான்ஸுக்கு வந்தவர், 1966இல் இந்த ஊருக்கே குடிவந்து, 1985இல் இங்கே இறந்தார். மனைவி வாவாவும் அவள் தம்பி மிஷெலும் அதே கல்லின் கீழ். வெளிறிய ஒரு கற்பலகை, பெயர்கள், ஆண்டுகள், அவ்வளவுதான். யூத வழக்கப்படி வருகிறவர்கள் கூழாங்கல் வைத்துவிட்டுப் போகிறார்கள். இவளும் ஒன்று தேடி எடுத்து வைத்தாள்.

மே 15, வியாழன்

மாக் அறக்கட்டளை, நவீன ஓவிய, சிற்ப அருங்காட்சியகம். நாள் முழுக்க இங்கேயே போய்விட்டது.

ஊரை விட்டு வெளியேறி, பைன் மரங்களுக்கு நடுவே மேடேற வேண்டும். எய்மே மாக் லித்தோகிராஃப் அச்சுத் தொழிலில் தொடங்கி ஓவிய வணிகரானவர். அவருக்கும் மனைவி மார்கரித்துக்கும் பிறந்த சின்ன மகன் பெர்னார் 1953இல் லுகேமியாவில் போய்விட்டான், 11 வயது. உடைந்துபோயிருந்த இருவரையும் இப்படி ஓர் இடம் கட்டச் சொல்லித் தேற்றியவர்கள் நண்பர்களான ஓவியர்கள்தான். 1964 ஜூலை 28இல் பிரெஞ்சு கலாச்சார அமைச்சர் மல்ரோ திறந்துவைத்தார்.

கட்டட வல்லுநர் செர்ட், கத்தலோனியாக்காரர், ஓவியர் மீரோவின் நண்பர். கூரையில் வெள்ளை முறம் இரண்டை வானத்தைப் பார்க்க நிமிர்த்தி வைத்த மாதிரி ஓர் அமைப்பு. அலங்காரம் என்றுதான் நினைப்போம். மழைநீரைப் பிடித்துக் கீழே இருக்கும் குளங்களுக்கு அனுப்புவதும் அதன் வேலை. அப்படி ஒரு குளத்தின் தரையில் ஓவியர் பிராக் செய்த மொசைக் மீன்கள். தண்ணீர் அசையும்போது மீனும் அசைகிறது.

முற்றத்தில் சிற்பி ஜியாகொமெட்டியின் வெண்கல மனிதர்கள். ஒல்லியான கால், பாதம் மட்டும் பெரிசு, தரையை விடாமல் பிடித்திருக்கிறது. கேலரிச் சுவரோரம் நிறுத்தினால் இவ்வளவு தனியாகத் தெரியமாட்டார்கள். இங்கே சாய்வெயிலில் நிழல் இன்னும் ஒல்லியாக நீள்கிறது. மீரோவின் சிற்பங்கள் நிற்கும் தோட்டத்தில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், அங்கே அதுதான் சரி. 2024இல் சேர்த்த புதிய கூடங்களை நிலத்தடியில் தோண்டிக் கட்டி, செர்ட்டின் கட்டடத்தைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். நல்ல புத்தி.

கடைசியாக அந்தப் பையனின் நினைவில் கட்டிய சிற்றாலயம். புனித பெர்னாரின் பெயரில் இருந்த பழைய இடிபாட்டின் மேல் எழுப்பியது. பிராக்கின் வண்ணக் கண்ணாடியில் ஒரு வெள்ளைப் பறவை. திறப்பு விழாவுக்கு பிராக் இல்லை, 1963இலேயே போய்விட்டார்.

மே 16, வெள்ளி

கொலோம்ப் தோர், அதாவது தங்கப் புறா என்ற ஓட்டல். விலையைக் கேட்டுவிட்டு வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டோம். 1920இல் பால் ரூ என்பவர் சின்னக் காபிக்கடையாகத் தொடங்கினார். குதிரையிலோ நடந்தோ ஓவியத்தோடோ வந்தால் தங்கலாம் என்று பலகை மாட்டியவர். அப்படிச் சேர்ந்ததுதான் உள்ளே இருக்கும் பிக்காசோ, மத்தீஸ், லெஜே, கால்டர் எல்லாம். 1960இல் திருடர்கள் புகுந்து ஓவியங்களைத் தூக்கிப் போனார்கள். பெரும்பாலானவை பிறகு கிடைத்துவிட்டன.

கவனித்தால், இதுவும் மதிலுக்கு வெளியேதான். கல்லறையும் மாக்கும் அப்படியே. அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1970 முதல் 1987இல் சாகும்வரை வாழ்ந்த வீடும் மதிலுக்குக் கீழேதான் இருந்தது, இப்போது பெரும்பகுதி இடிந்துவிட்டது. ஃபொலோனை விட்டுவிட்டால், மதிலுக்குள் மிஞ்சுவது கரடியும் லாவெண்டரும். அரைநாள்தான் கையில் இருக்கிறது என்பவர்கள் முதலில் மாக்குக்குப் போங்கள், ஊருக்குள் சாயங்காலம் நுழையுங்கள்.

வாசலுக்கு எதிரே மரத்தடியில் பெரியவர்கள் இரும்புக் குண்டு வீசி பெத்தாங்க் ஆடிக்கொண்டிருந்தார்கள். எந்தக் குண்டு பக்கம் என்று டேப் வைத்து அளந்து ஒரே சண்டை.

நாளை வான்ஸ். மத்தீஸ் வடிவமைத்து 1951இல் திறந்த தேவாலயம் அங்கே இருக்கிறது. நடந்தே போய்விடலாம் என்கிறேன். பஸ் இருக்கிறது என்கிறாள் இவள்.