சவக்காலை மதிலும் மேயர் சங்கிலியும்

இங்கிலாந்தில் மேயர் என்றால் ஒரே விதம் இல்லை. லண்டன் மேயரை மக்கள் நேரே வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். நான் அந்த வகை இல்லை. டவுன் கவுன்சில் என்கிற சின்னச் சபையின் தலைவரையும் இங்கே மேயர் என்றுதான் சொல்வார்கள். ஊரில் பிரதேச சபைத் தவிசாளரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரைவிட அதிகாரம் குறைவு, கழுத்தில் தொங்கும் சங்கிலி மட்டும் பெரிது. 2025 மே மாதம் அதை எனக்குப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து "எப்படி அண்ணை இதுக்குள்ள போனியள்?" என்று கேட்காத ஆள் இல்லை. ஒவ்வொருவருக்கும் சொல்லிக் களைத்துப்போனேன், அதனால் எழுதுகிறேன்.

1999இல் வந்தேன். யாழ்ப்பாணத்தில் மாமாவோடு மேசன் வேலை பழகியிருந்தும், இங்கே முதல் மூன்று வருடம் மற்றவர்களுக்குக் கல்லும் கலவையும் சுமந்ததுதான். ஒரு நாள் மேசன் ஒருவர் வராமல் போக, சாந்தகப்பை என் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. 2008இல் சொந்தமாக ஒரு வான், இரண்டு வேலையாட்கள். வீடுகளுக்குப் பின்பக்கம் அறை கூட்டிக் கட்டுவதுதான் பெரும்பாலும் கிடைத்த வேலை.

அரசியலுக்கு என்னை இழுத்தது ஒரு மதில். எங்கள் டவுன் கவுன்சிலின் சவக்காலையைச் சுற்றி நூறு வருடத்துக்கு மேலான செங்கல் மதில் இருக்கிறது, சுண்ணாம்புக் கலவையில் கட்டியது. 2018இல் அதன் ஒரு பக்கத்தில், கல்லுக்குக் கல் இடையிலுள்ள மூட்டுகளில் யாரோ சீமெந்து பூசியிருந்தார்கள். பழைய செங்கல் மென்மையானது. சுண்ணாம்பு மூட்டு என்றால் மதிலுக்குள் போன ஈரம் அதன் வழியாக வெளியேறிவிடும். சீமெந்து அதை அடைத்துவிட, ஈரம் கல்லுக்குள்ளேயே நிற்கும். மாரியில் அது உறைந்து விரிந்தால் கல்லின் முகம் தகடு தகடாகக் கழன்று விழும். நான் பார்த்தபோது விழத் தொடங்கியிருந்தது. கவுன்சில் கிளார்க்குக்கு, அதாவது சபையின் நிர்வாகத்தைப் பார்க்கும் அலுவலருக்கு, எழுதினேன். கூட்டத்தில் பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் உண்டு, வந்து சொல்லுங்கள் என்றார். போய்ச் சொன்னேன். கூட்டம் முடிய ஒரு வயதான உறுப்பினர் தோளில் தட்டி, அடுத்த வருடம் தேர்தல், நீயே நில்லேன் என்றார்.

எல்லோரும் முதலில் கேட்பது, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வேண்டுமா என்று. வேண்டாம். இலங்கை பொதுநலவாய நாடு என்பதால், 18 வயதும் நிரந்தர வதிவிட உரிமையும் இருந்தால் இலங்கைப் பாஸ்போர்ட்டோடேயே நிற்கலாம். அதோடு அந்த இடத்து வாக்காளராக இருக்க வேண்டும், அல்லது ஒரு வருடமாவது அங்கே வசித்தோ வேலை செய்தோ இருக்க வேண்டும். கட்டுப்பணம் கிடையாது. பாராளுமன்றத் தேர்தலுக்குத்தான் 500 பவுண்.

வேட்புமனுவில் முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர். இருவரின் வாக்காளர் இடாப்பு இலக்கமும் சரியாக இருக்க வேண்டும். தபாலில் அனுப்பினால் செல்லாது, கையில்தான் கொடுக்க வேண்டும். 2019இல் கடைசி நாள் ஏப்ரல் 3, பின்னேரம் நான்கு மணி. நான் சைட்டிலிருந்து புழுதிச் சப்பாத்தோடு மூன்றேகாலுக்குப் போய் நின்றேன். வழிமொழிந்தவரின் இலக்கத்தில் இரண்டு எண் மாறியிருந்தது. ஓடிப்போய்த் திருத்திக் கொண்டுவந்து கொடுக்கும்போது நான்கு மணிக்குப் பத்து நிமிடம். அந்த முறை தோற்றேன், 41 வாக்கால். துண்டுப்பிரசுரத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் விலாசம் போடாமல் அடித்து, அவ்வளவையும் குப்பையில் போட்டு மறுபடி அடித்ததில் ஒரு கிழமை போனது. அது சட்டப்படி குற்றம் என்றே எனக்குத் தெரியாது.

2023இல் மறுபடி சுயேச்சையாக நின்றேன். இந்த முறை பிரசுரத்தைவிட வாசல்களை நம்பினேன். மேசன் வாசலில் நின்றால் யாரும் அரசியல் பேசமாட்டார்கள், சுவரில் ஏறும் ஈரத்தைக் காட்டுவார்கள். ஒரு அம்மா, கூரைப் பீலி ஒழுகுகிறது, ஏணி வைத்து ஒருக்கால் பார் மகனே என்கிற மாதிரிக் கேட்டார். ஐந்து நிமிட வேலை. ஆனால் வாக்குக் கேட்கிற நேரத்தில் சும்மா வேலை செய்து கொடுத்தால் அது லஞ்சம் என்று ஆகிவிடலாம். தேர்தல் முடிய வருகிறேன் என்று சொன்னேன், அவருக்கு அது பிடிக்கவில்லை. வாக்கு எனக்குப் போட்டாரோ தெரியாது. மே 4இல் வென்றேன், அடுத்த சனிக்கிழமை பீலியைச் சரிசெய்து கொடுத்தேன்.

உள்ளே போன பிறகுதான் உண்மையான பாடு. 28 நாளுக்குள் என் தொழில், வீடு, வாடகைக்கு எடுத்த யார்ட், மனைவியின் வேலை எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். 2011ஆம் ஆண்டுச் சட்டம் அது, மறைத்தால் வழக்கு வரும். நம்மில் பலர் இதைச் சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது இரண்டாவது கூட்டத்திலேயே வந்து நின்றது: சவக்காலை மதில். தேர்தலுக்கு முன்பே அந்த வேலையைச் செய்ய நான் விலைமனு கொடுத்திருந்தேன். என் பணம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனேன். எந்த மதிலுக்காக வந்தேனோ அதைப் பற்றி வாய் திறக்க முடியாமல் நடைபாதையில் கோட்டோடு நின்றேன். பெரும்பான்மை மலிவான விலைக்குப் போகப் பார்த்தது, சீமெந்தில். நல்ல காலம், முடிவைத் தள்ளிவைத்தார்கள்.

அன்றிரவே என் விலைமனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதினேன். கிட்டத்தட்ட இரண்டு மாதத்து வேலை அது. மனைவி இரண்டு நாள் பேசவில்லை, சரி, அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. கிளார்க்கிடம் கேட்டு, இனி எனக்கு அதில் லாபம் இல்லை என்று பதிவு செய்த பிறகு அடுத்த கூட்டத்தில் பேசினேன். முகம் கழன்ற கல் ஒன்றைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். சுண்ணாம்பு என்று முடிவானது.

மேயரானது இதற்குப் பக்கத்தில் சின்னக் கதை. ஒரு வருடம் துணை மேயர், பிறகு மே மாத ஆண்டுக் கூட்டத்தின் முதல் விடயமாகக் கைதூக்கிய வாக்கு, ஏற்பு உறுதியில் ஒரு கையெழுத்து. பதவி ஒரு வருடம்தான். சம்பளம் இல்லை, நிகழ்ச்சிகளுக்குப் போகச் சின்னப் படி உண்டு. வாக்குச் சமமாக நின்றால் தீர்மானிக்கும் வாக்கு என்னுடையது, இதுவரை தேவைப்படவில்லை. அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "நகரபிதாவுக்குக் கார் தருவினமே?" என்று கேட்டா. வானில்தான் போகிறேன் அம்மா என்றேன்.

மதில் வேலை வேறொரு ஆளுக்குப் போனது. உறைபனி தொடங்குமுன் முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தோம், முடித்துவிட்டார். போன கிழமை வானை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். நல்ல வேலை. வாசலுக்குக் கிட்ட ஒரு வரி மட்டும் நூலைவிட்டு அரை விரல் இறங்கியிருக்கிறது.