70-லிருந்து 104 வரை: பேஸ் கிட்டாரோடு நாலு மாதம்

ஜூன் தொடக்கத்தில் என் நிலைமை இதுதான். தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை 70-ல் (நிமிஷத்துக்கு 70 தட்டு) வைத்து, பேஸில் ஒரு தட்டுக்கு நாலு நோட்டு வீதம் வாசித்தால் ஒரு நிமிஷம் தாங்குவேன். 85-க்கு ஏற்றினால் இருபதாவது விநாடியிலேயே வலது முன்கை கல்லாகிவிடும். சும்மா சொல்லவில்லை, இடது கையால் தொட்டுப் பார்த்தால் முழங்கைக்குக் கீழே சதை முறுக்கிக்கொண்டு நிற்கும். அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் இசைக்குழுவின் பேஸ் வாசிப்பவர் ஸ்டீவ் ஹாரிஸ் இரண்டே விரலில், குதிரைப் பாய்ச்சல் மாதிரியான தாளத்தை மேடை முழுக்க ஓட்டுகிறார். எனக்கு ஒரு பாட்டு பாதிகூடத் தாண்டவில்லை.

கைக்குப் பலம் போதவில்லை என்று நானே முடிவு கட்டி, ஸ்பிரிங் வைத்த கிரிப்பர் ஒன்றை வாங்கி டிவி பார்க்கும்போதெல்லாம் அமுக்கினேன். மூன்றாவது வாரம் மணிக்கட்டின் உள்பக்கம் வலி. ஆறு நாள் பேஸைத் தொடவில்லை. கிரிப்பர் இப்போது பீரோ மேல் கிடக்கிறது.

அந்த ஆறு நாளில் செய்த ஒரே உருப்படியான காரியம், போனில் எடுத்து வைத்திருந்த பழைய பதிவுகளைக் கேட்டதுதான். ஒவ்வொரு நோட்டோடும் ஒரு 'டக்'. கம்பி போய் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில்) மோதுகிற சத்தம். அவ்வளவு பலமாக இழுத்திருக்கிறேன். ஏன் என்று யோசித்தபோதுதான் புரிந்தது: பக்கத்து வீட்டுக்குப் பயந்து ஆம்பை (ஒலிபெருக்கியை) எப்போதும் குறைத்தே வைத்திருந்தேன். காதுக்கு எட்டாததை விரல் ஈடுகட்டியிருக்கிறது.

ஹெட்ஃபோனுக்கு மாறி, வால்யூமைக் கூட்டி, விரலைக் குறைத்தேன். கம்பியை மேலே கொக்கி போட்டு இழுக்காமல், உள்நோக்கி உரசிவிட்டு அடுத்த கம்பியின் மேல் விரல் ஓய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் தடித்த ஈ கம்பி என்றால், பிக்கப்பில் (கம்பிக்குக் கீழே அதிர்வைப் பிடிக்கும் பாகத்தில்) ஊன்றிய கட்டைவிரல்மேல். அதற்கு மேல் காற்றில் வீசுவதெல்லாம் வீண் செலவு. கையைப் பிரிட்ஜ் பக்கம், அதாவது உடல் பகுதியில் கம்பி முடியும் இடத்தின் பக்கம், கொஞ்சம் நகர்த்தினேன். அங்கே கம்பி விறைப்பாக இருப்பதால் விரலைச் சட்டென்று திருப்பி அனுப்புகிறது. சத்தம் சற்று ஒல்லியாகிறது, பரவாயில்லை. 12-வது ஃப்ரெட்டில் கம்பி உயரத்தையும் 3.5 மில்லிமீட்டரிலிருந்து 2.2-க்கு இறக்கிக்கொண்டேன். ஓங்கி அடித்தால் உடனே கரகரக்கும். இதைவிடக் கறாரான வாத்தியார் கிடையாது.

ஒரே வாரத்தில் 85-ல் ஒன்றரை நிமிஷம் போனது. பலம் எதுவும் கூடவில்லை.

அடுத்த தொல்லை நடுவிரல். வாயால் 'தகதிமி' சொல்லிக்கொண்டு வாசித்தால், 'த'வும் 'தி'யும் ஆள்காட்டி விரலில் கணீரென்று விழும், 'க'வும் 'மி'யும் முனகும். பதிவின் அலையைக் கணினியில் பார்த்தால் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. இதற்குக் கைகொடுத்தது 'தகிட'. மூன்று மூன்றாகப் போவதால் முதல் அழுத்தம் ஒருமுறை ஆள்காட்டிக்கு, அடுத்த முறை நடுவிரலுக்கு. யாரும் ஒளிய முடியாது. முதல் பத்து நாள் 60-லேயே தடுமாறினேன், கேட்கச் சகிக்கவில்லை. மோடவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்தே வாசித்தவர் என்பது அந்த நாட்களில் அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தது, கொஞ்சம் பொறாமையோடு.

மெல்லிய ஜி கம்பியிலிருந்து பக்கத்து டி கம்பிக்கு இறங்கும்போது விரலை மாற்றாமல் அதே விரலை அப்படியே இழுத்துவிடுவது தனிக் கதை. அலுப்பு குறைகிறது, ஆனால் தாளம் லேசாக முந்துகிறது. இன்னும் பிடிபடவில்லை.

தாக்குப்பிடிப்பதற்கு வைத்துக்கொண்ட கணக்கு எளியது. இரண்டு நிமிஷம் வாசிப்பு, ஒரு நிமிஷம் கையைத் தொங்கவிட்டு ஓய்வு, இப்படி நாலு சுற்று. பதிவில் இரண்டு விரலும் சமமாகக் கேட்டால்தான் அடுத்த வாரம் 2 கூட்டுவேன். இரண்டு வாரம் கூட்டவே இல்லை. முன்கை இறுகினால் அன்றைக்கு அத்தோடு சரி.

செப்டம்பர் கடைசியில் 104, இரண்டு நிமிஷம், சுத்தமாக. நிமிஷத்துக்கு 416 நோட்டு, விநாடிக்கு ஏறக்குறைய ஏழு. 108-ல் நடுவிரல் இன்னும் நொண்டுகிறது.

போன ஞாயிறு நண்பர் வீட்டு மொட்டைமாடி அறையில் எல்லோரும் சேர்ந்து வாசித்தோம். டிரம்ஸ்காரர் வழக்கம்போல் பாதிப் பாட்டில் வேகத்தை ஏற்றிவிட்டார். முன்னெல்லாம் அங்கேதான் நான் ஒன்றுவிட்டு ஒன்று வாசித்து ஒப்பேற்றுவேன். இந்தமுறை வலது கை அசரவில்லை. திணறியது இடது கை, அதுவும் சுண்டுவிரல். அப்புறம் வீட்டுக்கு வந்ததும் மெட்ரோனோமை மறுபடி 60-ல் வைத்தேன்.