டபிள்யூ810ஐ, 5310, என்91: பழைய மியூசிக் போன்களைச் சத்தம் சமப்படுத்திக் கேட்டுப் பார்த்தது

எடுத்துக்கொண்டவை மூன்று: சோனி எரிக்சனின் வாக்மேன் வரிசையில் வந்த டபிள்யூ810ஐ (2006), நோக்கியா 5310 எக்ஸ்பிரஸ்மியூசிக் (2007), ஹார்ட் டிஸ்க் வைத்து வந்த நோக்கியா என்91. சிம் போடாமல், பாட்டுக்கு மட்டும் ஒரு போன் வைத்துக்கொள்வதென்றால் இவற்றில் எது இன்றைக்கும் தாங்கும் என்பதுதான் கேள்வி. "வாக்மேன்தான் கெத்து", "இல்லை, எக்ஸ்பிரஸ்மியூசிக்தான் கிளியர்" என்று அந்தக் காலத்திலேயே சண்டை ஓய்ந்ததில்லை. அந்தச் சண்டையில் பாதி, சத்த அளவைச் சமப்படுத்தாமல் கேட்டதால் வந்தது.

முதல் சுற்று: வெறும் காதில்

ஒரே எம்பி3, ஒரே இயர்போன். டபிள்யூ810ஐ கையில் கிடைத்தால் ஈக்வலைசரில் பெரும்பாலும் மெகா பாஸ் (தாழ்ந்த ஒலியைத் தூக்கிக் காட்டும் அமைப்பு) போட்டபடியே இருக்கும், முந்தைய உரிமையாளர் புண்ணியத்தில். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் பெரிதாக, கொஞ்சம் பொதபொதவென்று வரும். 5310இல் அதே அடி சிறுத்து, சுருக்கென்று நிற்கும். கேட்ட மாத்திரத்தில் வாக்மேன் ஜெயித்த மாதிரி இருக்கும். மெகா பாஸை எடுத்து நார்மலில் வைத்துக் கேட்டால் அந்த வெற்றியில் முக்கால்வாசி காணாமல் போகிறது. மிச்சக் கால்வாசி சத்த வித்தியாசம். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தால் காது அதை "சத்தம் அதிகம்" என்று சொல்லாது, "இது நல்லா இருக்கு" என்றுதான் சொல்லும்.

இங்கேயே சொல்லிவிட வேண்டிய இன்னொரு கோளாறு: 5310இல் இன்றைய மைக் வைத்த இயர்போனைச் செருகினால் பாடகர் காணாமல் போய்விடுவார். வயலினும் எதிரொலியும் கேட்கும், குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இருக்கும். போன் பழுது என்று நினைத்துத் தூக்கிப் போட வேண்டாம். நான்கு வளைய பின்னில் மைக்கும் கிரவுண்டும் இருக்கும் இடம் பழைய நோக்கியாவில் ஒரு விதம் (ஓஎம்டிபி), இன்றைய இயர்போன்களில் அதற்கு நேர்மாறு (சிடிஐஏ). மாறிப் போனால் இயர்போனுக்குக் கிரவுண்டு கிடைக்காது. இடது, வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே காதுக்கு வரும். குரல் இரண்டு பக்கத்திலும் ஒரே அளவில் பதிவாவதால் அது கழிந்துபோகிறது. சோதிக்க எளிய வழி: மைக் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். குரல் திரும்பி வந்தால் இதுதான் காரணம். மைக் இல்லாத மூன்று வளைய இயர்போன் போட்டால் தீர்ந்தது.

இரண்டாம் சுற்று: லோடு போட்டு

தேவைப்பட்டவை: லைன்-இன் (வெளியிலிருந்து ஸ்டீரியோ ஒலியை உள்வாங்கும் துளை) உள்ள யூஎஸ்பி சவுண்டு கார்டு, 3.5 மிமீ ஒய் பிரிப்பான், கால் வாட் 33 ஓம் ரெசிஸ்டர் இரண்டு, ஒரு ஸ்டீரியோ பின், கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள். லேப்டாப்பின் மைக் துளை ஆகாது. அது மோனோ, போன் வெளியீட்டுக்கு உடனே கரகரத்துவிடும். கட்டைவிரல் அளவு மலிவான யூஎஸ்பி கார்டுகளிலும் பெரும்பாலும் மைக் துளைதான் இருக்கிறது, பார்த்து வாங்க வேண்டும். மல்டிமீட்டரில் அளந்துவிடலாமே என்றால், எல்லார் வீட்டிலும் இருக்கும் மஞ்சள் நிற 830 வகையில் ஏசி வோல்ட் அளவு 200இல்தான் தொடங்குகிறது. மில்லிவோல்ட் கணக்கு அதில் ஏறாது.

ஸ்டீரியோ பின்னின் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி கிரவுண்டு. நுனிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 33 ஓம், நடு வளையத்துக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இன்னொன்று பற்றவைத்தால் அது போலி இயர்போன், அதாவது லோடு. ஒய் பிரிப்பானின் ஒரு கிளையில் இதைச் செருகி, மறு கிளையை லைன்-இன்னுக்குக் கொண்டுபோக வேண்டும்.

இந்த லோடு எதற்கு என்றால், லைன்-இன் சில ஆயிரம் ஓம் இருக்கும். அது போனிடம் கரண்டே கேட்காது, அதனால் எந்தப் போனும் அதில் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். 32 ஓம், 16 ஓம் இயர்போன் வந்து உட்கார்ந்தால்தான் சாயம் வெளுக்கும். பழைய போன்கள் பலவற்றில் ஆம்ப்ளிஃபயருக்கும் ஜாக்குக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், இயர்போனின் ஓம் குறையக் குறைய அது பாஸை அதிகம் வெட்டும். அதன் மதிப்பு 100 மைக்ரோஃபாரட் என்று வைத்தால், 32 ஓம் இயர்போனில் 50 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் இறங்கியிருக்கும். 16 ஓமில் அந்த இறக்கம் 100 ஹெர்ட்ஸுக்கே வந்துவிடும். இடம் மிச்சம் பிடிக்க 47 மைக்ரோஃபாரட் போட்டிருந்தால் 32 ஓமிலேயே 106 ஹெர்ட்ஸ். "இந்தப் போனில் பாஸ் இல்லை" என்று ஒருவர் சொல்வதும், "எனக்கு நன்றாக வருகிறதே" என்று இன்னொருவர் சொல்வதும் இதனால்தான். இருவர் காதிலும் இருப்பது வேறு வேறு ஓம்.

தொனிக் கோப்பு: 40, 60, 100, 1000, 10000 ஹெர்ட்ஸ், ஒவ்வொன்றும் 10 விநாடி, உச்சத்துக்கு 12 டெசிபல் கீழே, 44.1 கிலோஹெர்ட்ஸ், 320 கேபிபிஎஸ் எம்பி3. முதலில் லோடு இல்லாமல் பதிவு, பிறகு லோடுடன். 1000 ஹெர்ட்ஸை ஆதாரமாக வைத்து மற்றவை எவ்வளவு இறங்கின என்று குறித்தால் போதும். லோடு போட்டதும் 1000 ஹெர்ட்ஸே இறங்கினால் அது வெளியீட்டு மின்தடையால். 40, 60 மட்டும் கூடுதலாக இறங்கினால் கெப்பாசிட்டர்.

சத்தத்தைச் சமப்படுத்தும் இடத்தில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். போனில் வால்யூம் ஒரு படி அழுத்தினாலே 2, 3 டெசிபல் தாவும். அதை வைத்து இரண்டு போன்களைச் சமமாக்க முடியாது. இரண்டையும் கிட்டத்தட்ட வைத்துவிட்டு, 1000 ஹெர்ட்ஸில் மிச்சமிருக்கும் வித்தியாசத்தைக் கோப்பிலேயே குறைக்க வேண்டும். ஒரு போன் 1.3 டெசிபல் கூடுதல் என்றால், அந்தப் போனுக்கான பாட்டை ஆடாசிட்டியில் 1.3 இறக்கி ஏற்றுவது. 0.2 டெசிபலுக்குள் வந்துவிட்டால் போதும்.

இப்படிச் சமப்படுத்தி, இரண்டிலும் ஈக்வலைசரை நிறுத்தி, யாரையாவது மாற்றி மாற்றிச் செருகச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டால், 32 ஓம் இயர்போனில் டபிள்யூ810ஐக்கும் 5310க்கும் உள்ள இடைவெளி சண்டை போடும் அளவுக்கு இல்லை. பாட்டுக்குப் பாட்டு ஊகம் மாறுகிறது. சின்னச் சத்தத்தையும் காட்டிக்கொடுக்கும் இன்-இயர் போட்டு, பாட்டு தொடங்குவதற்கு முந்தைய மௌனத்தில் கேட்டால் பின்னணி இரைச்சலில் வித்தியாசம் பிடிபடும், அவ்வளவுதான்.

மெகா பாஸ் பிடித்தவர்கள் போட்டுக்கொள்ளட்டும், தப்பில்லை. ஆனால் இப்போது வரும் பாட்டுகள் உச்சத்தைத் தொட்டபடியே பதிவானவை. அதன்மேல் பாஸைத் தூக்கினால் இடமில்லாமல் நசுங்கி, தொப்பி அடி 'டப்' என்று உடையும். எம்பி3கெய்ன் என்ற இலவச மென்பொருளில் 89 டெசிபலுக்கு இறக்கிவிட்டு ஏற்றினால் இது பெரும்பாலும் சரியாகிறது. 1.5 டெசிபல் படிகளில் கோப்பின் அளவுக் குறியீட்டை மட்டும் அது மாற்றுவதால், மறுபடி சுருக்கித் தரம் கெடுவதில்லை.

சிம் போட்டே பயன்படுத்துகிறவர்களுக்கு: 'டிர்ர் டிர்ர்' என்ற சத்தம் 2ஜி அலைவரிசை விநாடிக்கு 217 முறை துடிப்பதால் வருவது. ஃபிளைட் மோடில் போய்விடும். டபிள்யூ810ஐ ஆன் செய்யும்போதே போனாகவா, ஃபிளைட் மோடிலா என்று கேட்கும். அந்தப் பழக்கம் இன்றைக்கும் பிடிக்கிறது.

கைப்பழக்கம், பின், மெமரி

5310இல் பாட்டுப் பட்டன்கள் மூன்றும் திரையின் இடப்பக்கம் வரிசையாக. பைக்குள் கைவிட்டே அடுத்த பாட்டுக்குப் போகலாம். 3.5 மிமீ ஜாக் தலையில். டபிள்யூ810ஐயில் ஃபாஸ்ட் போர்ட், சோனி எரிக்சனின் சொந்தத் தட்டைப் பின். அதற்கான எச்பிஎம்-70 இயர்போன் கம்பி இரண்டு துண்டாக வரும், மைக் உள்ள மேல்துண்டின் முனையில் 3.5 மிமீ துளை உண்டு, அதில் எந்த இயர்போனையும் செருகலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்த மேல்துண்டு போனால் போனே ஊமை. லேசாக ஆட்டினால் ஒரு காது நின்றுபோவது இதன் பரம்பரை வியாதி. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் போன் பக்கத் தகடுகளைத் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டுச் செருகினால் பல நேரம் சரியாகும். வளைந்துபோன தகடு சரியாகாது. இதற்கு முந்தைய டபிள்யூ800ஐயை வாங்க வேண்டாம் என்பதற்குக் காரணம் அதன் ஜாய்ஸ்டிக். தூசி போனால் மேலே போகச் சொன்னால் இடப்பக்கம் போகும். 810இல் அது தட்டைப் பட்டனாக மாறிவிட்டது.

மெமரியில் 5310 மைக்ரோஎஸ்டி, பிரச்சினை இல்லை. 4 ஜிபி அட்டையை ஃபேட்32இல் ஃபார்மட் செய்து போடுங்கள். 810க்கு மெமரி ஸ்டிக் ப்ரோ டுவோ. பிஎஸ்பி விளையாட்டுக் கருவிக்காக வந்த மைக்ரோஎஸ்டி அடாப்டர் இதிலும் வேலை செய்யும், 2 ஜிபிக்கு மேல் ஆசைப்படாமல் இருந்தால் நிம்மதி. 192 கேபிபிஎஸ்ஸில் ஐந்து நிமிடப் பாட்டு 7.2 எம்பி, ஆக 2 ஜிபிக்குச் சுமார் 270 பாட்டு. கேபிள் வழியாக ஏற்றினால் விநாடிக்கு 1 எம்பி வருவதே அதிகம், அரை மணி நேரம் போய்விடும். அட்டையைக் கழற்றி ரீடரில் ஏற்றுங்கள். 5310இல் ஏற்றிய பிறகு லைப்ரரியை அப்டேட் செய்யாவிட்டால் புதுப் பாட்டு பட்டியலில் வராது. பாட்டு விவரங்களை ஐடி3 2.3 வடிவில் எழுதுங்கள். தமிழ் எழுத்துரு இல்லாத போனில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டுமென்றால் 5310தான். 810இல் ப்ளூடூத் வழி ஸ்டீரியோ கிடையாது.

என்91 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சொந்த 3.5 ஜாக், கீபேடை மூடும் பாட்டுப் பட்டன்கள், கையில் இரும்புக் கட்டி போன்ற 164 கிராம், எல்லாம் அழகு. ஆனால் உள்ளே சுழல்வது 4 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஒருமுறை கீழே விழுந்தால் கதை முடிந்தது. ஒரு ஆறுதல், அதன் பேட்டரி பிஎல்-5சி. கோயில் வாசலில் விற்கும் பக்திப் பாட்டுப் பெட்டி வரைக்கும் அதே பேட்டரிதான், எங்கும் கிடைக்கும்.

5310க்கு பிஎல்-4சிடி, 860 எம்ஏஎச். 810க்கு பிஎஸ்டி-37, 900 எம்ஏஎச். அதே அளவுப் பேட்டரியில் 2000 என்று அச்சடித்திருந்தால் அச்சுக்கு மட்டும்தான் காசு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினால் கவரைப் பிரித்து, கண்ணாடி மேல் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். பம்பரம் போலச் சுற்றினால் உப்பியிருக்கிறது.

5310 வாங்கும்போது *#0000# போட்டால் ஆர்எம்-303 என்று வர வேண்டும், *#06# காட்டும் ஐஎம்இஐ எண் பேட்டரிக்கு அடியில் உள்ள லேபிளுடன் ஒத்துப்போக வேண்டும். ஓரத்துப் பட்டை அசலில் அலுமினியம், தொட்டால் சில்லென்று இருக்கும். மாற்றுக் கவரில் அது பெயின்ட் அடித்த பிளாஸ்டிக். 2020இல் இதே 5310 பெயரில் வந்தது முற்றிலும் வேறு போன், விளம்பரத்தில் குழம்ப வேண்டாம்.

டபிள்யூ995 (2009) இன்னும் மேசையில் காத்திருக்கிறது. வாக்மேன் வரிசையில் உடலிலேயே 3.5 ஜாக் வந்தது அதில்தான். ஆனால் அதற்கு எம்2 (மெமரி ஸ்டிக் மைக்ரோ) அட்டை வேண்டும். எம்2வும் மைக்ரோஎஸ்டியும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒன்றுக்குள் ஒன்று போகாது, எனவே அடாப்டருக்கு வழியில்லை. வேலை செய்யும் 8 ஜிபி எம்2 ஒன்று அகப்பட்டதும் அதே 33 ஓம் பின்னைப் போட்டு அதையும் பார்க்க வேண்டியதுதான்.